வழவழப்பான தாளில் ஒரு பூசாத சுவர்

அந்தப் புத்தகங்களைப் பற்றி யாரும் நல்லவிதமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. வீடு, தோட்டம், நாற்காலி, விளக்கு என்று பெரிய பெரிய வண்ணப் படங்களாகப் போட்டு, கனமான பளபளப்புத் தாளில், ஆங்கிலத்தில் வரும் மாதப் புத்தகங்களைச் சொல்கிறேன். வசதியுள்ளவர்கள் அவற்றைப் புரட்டிவிட்டுப் பொழுது போகத்தான் என்பார்கள். படித்தவர்கள் அதைவிடக் கடுமையாகச் சொல்வார்கள். என் மனைவி சொன்னதை இங்கே எழுத முடியாது. நான் ஐந்தாவது வரை படித்த கொத்தனார். அந்தப் புத்தகங்களில் ஒரு வரியைக்கூட என்னால் படிக்க முடியாது. ஆனாலும் இருபது வருடமாக அவற்றைப் பார்த்து வருகிறேன். அவற்றின் பக்கம் பேச ஓர் ஆள் வேண்டுமென்றால் நான் பேசுகிறேன்.

வாயால் பேச வராது. நாலு பேர் கூடினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். யாராவது ஒரு கேள்வி கேட்டால் அதற்குச் சரியான பதில் எனக்கு மூன்று நாள் கழித்து, சாரத்தின் மேல் நிற்கும்போதுதான் தோன்றும். எழுதும்போது யாரும் குறுக்கே பேசுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதல் புத்தகம் 1993இல் என் கைக்கு வந்தது. திண்டிவனத்தில் வங்கி அதிகாரி ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி ஒருநாள் கையில் புத்தகத்தோடு வந்து, ஒரு பக்கத்தை விரித்துக் காட்டினார்.

"மேஸ்திரி, ஹால்ல இதே மாதிரி ஒரு அலமாரி வரணும். சுவத்துக்குள்ளயே. இதே சைஸ்."

அளவு எங்கே போட்டிருக்கிறது என்று கேட்கக் கூச்சம். தலையை ஆட்டி வாங்கிக்கொண்டேன். பிறகு உட்கார்ந்து படத்தைப் பார்த்தேன். அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு கதவு இருந்தது. கதவு என்றால் ஆறே முக்கால் அடி, ஏழு அடி. கதவை நூலால் அளந்து, அந்த நூலை ஏழாக மடித்தால் ஓரடி எவ்வளவு என்று தெரிந்துவிடும். அதை வைத்து அலமாரியை அளந்தேன். கட்டியும் முடித்தேன். வீட்டுக்கார அம்மா வந்து படத்தையும் அலமாரியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன மேஸ்திரி, படத்துல அவ்ளோ பெருசா இருந்துது?"

எந்த ஊர்க்காரன் வீடோ தெரியவில்லை, அந்தக் கதவு பத்தடிக்கு இருந்திருக்கிறது. பத்தடிக் கதவு கோயிலுக்குத்தான் வைப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். மறுபடி இடித்துக் கட்டினேன். அதற்குள் அந்தப் பக்கம் முழுவதும் என் விரல் சிமெண்டு பதிந்துவிட்டது. அம்மா அதை ஓர் ஓரமாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நீங்களே வச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டார். அந்தக் கோபத்துக்கு நான் இன்றும் கடமைப்பட்டவன்.

அன்று வேலை விட்டு விழுப்புரம் பஸ்ஸில் ஊர் திரும்பும்போது புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். எங்கள் ஊர் இரண்டு டவுனுக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே இருக்கிறது. ஜன்னல் ஓரச் சீட்டு. வெயில் தாளில் பட்டு முகத்தில் அடித்தது. சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டியிருந்தது. நடுப்பக்கம் வந்தபோது சாய்ப்பதை நிறுத்திவிட்டேன்.

அந்த இரண்டு பக்கத்திலும் ஒரே ஒரு படம். ஒரு சுவர். பூசாத செங்கல் சுவர். அதன் கீழே ஒரு பெஞ்சு, பெஞ்சின் மேல் ஒன்றுமில்லை. எங்கோ பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழுகிறது. ஒவ்வொரு செங்கலுக்கும் கீழே ஒரு மெல்லிய நிழல். வரி வரியாக, ஒன்றின் நடுவில் இன்னொன்றின் இணைப்பு வர, கீழிருந்து மேல்வரை ஒரு நூல்கூட விலகாமல் போகிறது. சினிமாக்காரியின் முகத்தைப் படம் எடுப்பதுபோல ஒரு கொத்தனாரின் வேலையைப் படம் எடுத்திருந்தார்கள்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்குக் கொத்து வேலை தெரியாது. சுவர் கட்டுவது ஒரு வேலை, அதைப் பூசுவது இன்னொரு வேலை. எவ்வளவு ஒழுங்காகக் கட்டினாலும் கடைசியில் கலவை ஏறி எல்லாம் மறைந்துவிடும். ஒழுங்கில்லாமல் கட்டினாலும் மறைந்துவிடும். அதனால்தான் எங்கள் தொழிலில் ஒரு பேச்சு உண்டு. வரி வளைந்தாலும் சரி, மூலை விலகினாலும் சரி, செங்கல் உடைந்திருந்தாலும் சரி, "பூச்சுல பாத்துக்கலாம்" என்பார்கள். நான் அப்படி விட்டதில்லை. தூக்குக்குண்டு போட்டு, ரசமட்டம் வைத்து, சரியில்லாத வரியைப் பிரித்துக் கட்டுவேன். உடன் வேலை செய்பவர்கள் சிரிப்பார்கள். "ஆரு பாக்கப் போறா மேஸ்திரி?" என்பார்கள். அவர்கள் சொன்னது உண்மை. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் நான் கட்டிய சுவர் ஒன்றைக்கூட யாரும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் பூச்சும் அதன் மேல் பச்சை, ரோஸ் பெயிண்டும்தான்.

அந்தப் படத்தைப் பார்த்த அன்றுதான், பார்ப்பவர்களும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. எங்கோ ஓர் ஊரில், பணம் கொட்டி வீடு கட்டிய ஒருவன், கொத்தனாரின் வேலையை மூடாமல் விட்டிருக்கிறான். அதைப் படம் எடுக்க ஒருவன் காமிராவோடு வந்திருக்கிறான். அதை இவ்வளவு விலையுள்ள தாளில் அச்சடித்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு நான் விடவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாதா கோயிலில் பூசை முடிந்ததும் புதுச்சேரிக்கு பஸ் ஏறிவிடுவேன். அங்கே நடைபாதையில் பழைய புத்தகங்கள் பரப்பியிருப்பார்கள். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் பாடப் புத்தகங்களை நகர்த்திவிட்டு அடியிலிருந்து இவற்றை எடுத்துப் போடுவார். "வா ராஜா, ஒனக்குப் பங்களா வந்திருக்குது" என்பார். ஒன்றிரண்டு வாங்கி வருவேன். வீட்டில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, தேங்காயெண்ணெய் தடவித் துடைத்த பிறகுதான் தொடுவேன். சிமெண்டு தின்ற விரல் அந்தத் தாளில் பட்டால் கீறல் விழும். அதுவரை என் கைக்கு நான் எண்ணெய் போட்டதே இல்லை.

அப்போது நாங்கள் குடியிருந்தது கூரை வீடு. மனைவி கேழ்வரகுக் களி கிளறிக்கொண்டே திரும்பிப் பார்ப்பாள்.

"ஏய்யா, அந்தப் பக்கத்துல இன்னா இருக்குதுன்னு இவ்ளோ நேரம் பாக்கற?"

"கிச்சன்."

"அதுல ஆருமே இல்லியே."

"இல்ல."

"அடுப்புல ஒண்ணும் வேவல. பாத்திரம் ஒண்ணும் கெடக்கல. ஆளே இல்லாத ஊட்டப் பாத்துக்கினு உக்காந்திருக்கிறியே, பேய் புடிச்சிக்கும்யா."

அவள் சொன்னதில் பாதி உண்மை. அந்த வீடுகளில் யாரும் இருக்கமாட்டார்கள். துணி காயும் கொடி இருக்காது. ஒயர் தொங்காது. சுவிட்ச் போர்டு எங்கே இருக்கிறது என்று நானும் தேடியிருக்கிறேன், கிடைத்ததில்லை. நாற்காலி மேல் ஈரத் துண்டு கிடக்காது. ஒரு கிண்ணத்தில் ஏழெட்டு எலுமிச்சம்பழம் மட்டும் இருக்கும், ஊறுகாய் போடுவார்களா என்றும் தெரியாது. எல்லாம் பொய் என்று சொல்லிவிடலாம். ஆனால் எங்கள் கல்யாண ஃபோட்டோவில் நான் கோட்டு போட்டு நிற்கிறேன். அது ஃபோட்டோக்காரருடைய கோட்டு, அதற்கு முன்பும் பின்பும் நான் கோட்டு போட்டதில்லை. அதற்காக எங்கள் கல்யாணம் பொய்யாகிவிடுமா?

2004 வாக்கில் புதுச்சேரிக்கு அருகே இரும்பை என்ற ஊர்ப் பக்கம் வேலை கிடைத்தது. அங்கே பூசாத வீடுகள் கட்டுவார்கள். நான் போனதே அதற்காகத்தான். முதல் மாதம் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தை யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் சாப்பாட்டு வேளையில் மரத்தடியில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரரின் சொந்தக்காரர் ஒருவர் வந்திருந்தார், கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். என் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார். நல்ல மனிதர். அன்பாகத்தான் பேசினார்.

"இதெல்லாம் பாக்காதீங்க மேஸ்திரி. இது உங்கள ஏமாத்தறதுக்குன்னே போடறது. வாங்க முடியாதவங்களுக்கு ஆசையக் காட்டிக்கினே இருப்பாங்க. கடைசில நம்ம வீடு நமக்கே புடிக்காமப் போயிடும்."

நான் சிரித்தேன். எனக்குத் தெரிந்தது அதுதான். அவர் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மூன்று நாள் கழித்துப் பதில் தோன்றியது. அவர் அதற்குள் ஊருக்குப் போய்விட்டார். இப்போது சொல்கிறேன். ஐயா, ஆசை வந்தால் என்ன? மல்லாட்டை என்கிற வேர்க்கடலை போடுகிறவன் அடுத்தவன் கொல்லையைப் பார்த்துத்தான் விதையை மாற்றுகிறான். அவனை ஏமாந்தவன் என்று யாரும் சொல்வதில்லை. நல்ல பொருளைப் பார்க்கிற உரிமை அதை வாங்கக்கூடியவனுக்கு மட்டும்தான் என்று யார் சொன்னது? நீங்கள் அந்தப் பக்கத்தில் சோபாவைப் பார்த்தீர்கள். நான் சோபாவைப் பார்க்கவே இல்லை. அதன் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன். மூலையில் அரைச் செங்கலை எப்படித் திருப்பியிருக்கிறான் என்று பார்த்தேன். என் வீடு எனக்குப் பிடிக்காமல் போகும் என்றீர்கள். கூரை ஒழுகுகிற வீடு எனக்கு ஏற்கெனவே பிடிக்காது. அதற்குப் புத்தகம் தேவையில்லை.

2010இல் கூரையைப் பிரித்துவிட்டு வீடு கட்டத் தொடங்கினேன். சின்ன வீடுதான், ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையலறை. சமையலறையையும் குளியலறையையும் பூசுவது என்றும், மற்ற சுவர்களை உள்ளேயும் வெளியேயும் பூசாமல் விடுவது என்றும் முடிவு செய்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பேச வேண்டும்.

திருவாமாத்தூர் பக்கம் ஒரு சூளையில் செங்கல் எடுத்தேன். ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, முனை உடையாதது, நிறம் ஒத்தது என்று பொறுக்கினேன். சூளைக்காரர் கடுப்பாகி, "மேஸ்திரி, நீ செங்கல் எடுக்கறியா, பொண்ணு பாக்கறியா?" என்றார். ஒரு நாளைக்கு நாலு வரிதான் கட்டுவேன். கட்டியதும் ஈரம் காய்வதற்குள் இணைப்பில் இருக்கிற கலவையைக் கம்பியால் சுரண்டி, துணியால் துடைத்துவிடுவேன். மழை சுவரில் அடிக்காமல் இருக்கக் கூரைத் தளத்தை இரண்டரை அடி வெளியே நீட்டினேன். முன்பக்கச் சுவர் முடிந்த அன்று சாயங்காலம், மேற்கு வெயில் பக்கவாட்டில் விழும்போது தெருவில் நின்று பார்த்தேன். வரிக்கு வரி நிழல் விழுந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன்.

ஊரில் அந்தச் சுவரைப் பார்த்தவர்களுக்கு ஒரே ஒரு பொருள்தான் தோன்றியது. எங்கள் பக்கத்தில் பூசாமல் நிற்கிற வீடு என்றால் பாதியில் கை ஓய்ந்த வீடு. மகளுக்குக் கல்யாணம் வந்திருக்கும், ஆஸ்பத்திரிச் செலவு வந்திருக்கும், அதோடு வேலை நின்றிருக்கும். அப்படிப்பட்ட வீட்டைப் பார்த்துப் பரிதாபப்படுவது ஊர் மரியாதை. என்னைப் பார்த்தும் பரிதாபப்பட்டார்கள். கடையில் டீ குடிக்கும்போது, "இன்னும் எவ்ளோ நாளாவும் மேஸ்திரி? ஆண்டவர் ஒரு வழி காட்டுவாரு" என்றார்கள். பால்காரர், பக்கத்துத் தெருவில் ஒருவர் நல்ல வட்டிக்குக் கொடுக்கிறார் என்று காதில் சொன்னார். நான் எல்லாருக்கும் தலையை ஆட்டினேன். இது வேண்டுமென்றே விட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை.

அந்த ஒரு வார்த்தைக்கான விலையை என் மனைவி கொடுத்தாள். தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில், கோயிலில், எல்லா இடத்திலும் அவளிடம் கேட்டார்கள். ஆறு மாதம் என்னோடு சண்டை போட்டாள்.

"முன்பக்கமாவது பூசுய்யா. ஒரே ஒரு சொவுரு. ஊரு வாய அடைக்கறதுக்கு."

"அதுதான் நல்ல சொவுரு."

"நல்ல சொவுரு! நல்ல சொவுரு! நான் மண்ணு சொமந்தது இதுக்கா? எங்கம்மா ஊட்டுல இன்னா நெனப்பாங்க, இவன் நம்ம பொண்ண சூளைக்குள்ள வச்சிருக்கிறான்னு நெனக்கமாட்டாங்க?"

அவள் அழுததைப் பார்த்து இரண்டு தடவை கலவை போடக் கிளம்பியிருக்கிறேன். இரண்டு தடவையும் சுவர் முன்னால் வந்து நின்றதும் கை வரவில்லை. இருபது வருடத்தில் நான் கட்டியதில் கண்ணுக்குத் தெரிகிற சுவர் அது ஒன்றுதான். இரும்பைப் பக்கத்தில் கட்டியவை எல்லாம் வேறொருவர் வரைந்து கொடுத்தவை. இது மட்டும்தான் என்னுடையது. அதையும் மூடிவிட்டால், நான் கொத்தனாராக இருந்ததற்கே சாட்சி இல்லை.

வீட்டை ஆசீர்வதிக்க மந்திரிப்பு வைத்தோம். பங்குச் சாமியார் மோட்டார் சைக்கிளில் வந்தார். ஜெபம் சொல்லி, அறை அறையாகத் தீர்த்தம் தெளித்துவிட்டு வெளியே வந்தவர், முன்பக்கச் சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"பூச்சு முடிச்சிட்டுக் கூப்பிட்டிருக்கலாமேப்பா? இன்னா அவசரம்?"

நான் சிரித்தேன்.

"பரவால்ல. பூசினப்புறம் சொல்லு. வந்து இன்னொரு தரம் தெளிச்சிட்டுப் போறேன்."

சாமியார் பந்தலில் உட்கார்ந்ததும் தெருமுனையில் வேட்டுச் சத்தம் கேட்டது. என் மனைவியின் அண்ணன், என் மச்சான், சீர் கொண்டு வந்தார். எங்கள் வழக்கத்தில் புது வீட்டுக்குப் பிறந்த வீட்டுச் சீர் வந்தாக வேண்டும். பெண்கள் தட்டுத் தட்டாகப் பழம், புடவை, வேட்டி, குத்துவிளக்கு ஏந்தி வந்தார்கள். ஒரு பெண் திருஇருதய ஆண்டவர் படத்தைத் தூக்கி வந்தாள். அவர்களுக்குப் பின்னால் ஒரு குட்டியானை வண்டி வந்தது. அதில் சிமெண்டு மூட்டைகள். மேல் மூட்டைக்கு ரோஜா மாலை போட்டிருந்தார்கள். மூட்டைகளுக்குப் பின்னால் மணல். மணல் மேல் இரண்டு கொத்தனார்கள்.

மச்சான் கரும்பு விவசாயி. பெரிய மனது, பெரிய குரல். வண்டியை நிறுத்தி, பந்தலில் இருந்த எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மாப்ள! ஒன் கஷ்டம் எனக்குத் தெரியாம இல்ல. நீ வாயத் தொறந்து கேக்கமாட்ட. கூச்சக்காரன். அதுக்கோசரம் நான் உட்ருவனா? எந்தங்கச்சி ஊடு பூசாம நிக்கலாமா? ஒரு கரண்டி இன்னிக்கே போட்டுடுவோம். நல்ல நாளு."

பந்தலில் இருந்தவர்கள் கை தட்டினார்கள். ஒரு பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சீரை வேண்டாம் என்று சொல்ல முடியாது. சொன்னால் இரண்டு குடும்பமும் ஜென்மத்துக்கும் பேசாது. நான் வார்த்தை தேடினேன். அதற்குள் அந்தக் கொத்தனார்கள் கலவை குழைத்துவிட்டார்கள். சுவரில் வாளித் தண்ணீரை வீசினார்கள். மச்சான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கரண்டியை வாங்கினார்.

முதல் கலவை சுவரில் ஒட்டாமல் அவர் வேட்டியிலேயே விழுந்தது. எல்லாரும் சிரித்தார்கள். "கரும்புக்குத் தண்ணி கட்றதுன்னு நெனச்சிக்கினாரு" என்று ஒருவர் சொன்னார். இரண்டாவது ஒட்டியது. என் கண் உயரத்தில், வாசலுக்கு வலப்பக்கம், ஆறு செங்கல் மறைந்துபோனது.

வாய் வரவில்லை, கால் வந்தது. போய்த் தொட்டியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் மொண்டு வந்து கலவை மேல் ஊற்றினேன்.

"ஆங், ஊத்து மாப்ள, நல்லா ஊத்து! சொவுரு தண்ணி குடிக்கணும்!" என்றார் மச்சான்.

தென்னை நார்ப் பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தேன். கலவை வழிந்து இறங்கியது. மச்சானின் சிரிப்பு மெல்ல நின்றது.

"இன்னா மாப்ள பண்ற? போட்டதக் கழுவற?"

"மச்சான், இது முடிஞ்ச சொவுரு."

"இன்னாது?"

"முடிஞ்ச சொவுரு. இதுக்கு மேல ஒண்ணும் இல்ல. இப்பிடித்தான் கட்டினேன். இப்பிடியேதான் இருக்கும்."

அவ்வளவு சத்தமாக நான் அதுவரை பேசியதில்லை. பந்தலிலிருந்து ஒரு பெரியவர், "ஊடு முடிஞ்சிச்சா, காசு முடிஞ்சிச்சா?" என்று கேட்டார். கொல்லென்று சிரித்தார்கள். நான் பிரஷ்ஷைக் கீழே வைக்கவில்லை.

மச்சானின் முகம் கறுத்துவிட்டது. "ஊரு என்னப் பாத்து இன்னா கேக்கும்? தங்கச்சிக்கு இவ்ளோதான் செஞ்சியான்னு கேக்கமாட்டாங்க? ஒனக்கு வேணாம்னா போ, அவளுக்கு வேணும் இல்ல? அவளக் கூப்புடு!"

அவளைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. பிரியாணிக் கரண்டியோடு வாசலில் நின்றிருந்தாள். ஆறு மாதச் சண்டையும் அவள் முகத்தில் இருந்தது. முடிந்தது என்று நினைத்தேன்.

"ஏண்ணா, ஒன் ஊட்டுக்கு ஆரு பூசினது?"

"மாப்ளதான்."

"வெடிப்பு உட்டுச்சா?"

"உடல."

"திண்டிவனத்துல எத்தினி மாடிக்கு இவரு பூசியிருக்காருன்னு தெரியுமா ஒனக்கு? பூசத் தெரியாதவரா இவரு? காசு இல்லாமயும் இல்ல, தெரியாமயும் இல்ல. வேணாம்னு வச்சிருக்காரு. கரண்டிய அந்தாண்ட வையி. வேட்டிய மாத்திக்கினு சாப்புட வா, ஜல்தியா."

அப்போது சாமியார் பந்தலிலிருந்து எழுந்து வந்தார். மாலை போட்ட மூட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"கல்லறைத் தோட்டத்து மதிலு ரெண்டு வருசமா பூச்சில்லாம நிக்குது. சீரா வந்தது. இவரு கைப்பட வாங்கிக்கினு கோயிலுக்குக் குடுத்தா ஆருக்கும் மரியாதை கொறையாது. இன்னா சொல்றீங்க?"

மச்சான் யோசித்தார். கொஞ்சம் முகம் தெளிந்தது. "எம்பேரு போடுவீங்களா சாமி?"

"செத்தவங்க பேரு போடற எடம்பா அது."

மச்சானே முதலில் சிரித்தார். மூட்டைகளை நான் ஒவ்வொன்றாகத் தொட்டு வாங்கிக்கொண்டேன், வண்டி அப்படியே கோயிலுக்குப் போனது. அடுத்த மாதம் அந்த மதிலைக் கூலி வாங்காமல் நானே பூசிக் கொடுத்தேன். ஊரிலேயே வழவழப்பான சுவர் இன்று அதுதான். பூச்சின் மேல் எனக்குப் பகை ஒன்றும் இல்லை.

மந்திரிப்புக்கு மறுநாள் காலை முன்பக்கச் சுவரைப் பார்த்தேன். எவ்வளவு தேய்த்தும் அந்த ஆறு செங்கலின் துளைகளில் சிமெண்டுச் சாம்பல் நிறம் ஏறியிருந்தது. மனைவியும் பக்கத்தில் வந்து நின்று பார்த்தாள்.

"இருந்துட்டுப் போவட்டுமேய்யா. எங்கண்ணன் பாசம் அது."

நான் உளியும் சுத்தியலும் எடுத்து வந்தேன். பாசம் வேறு, சுவர் வேறு. இணைப்பைச் சுற்றிக் கொத்தி, ஆறு செங்கலையும் ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தேன். பொறுக்கி வைத்ததில் மீந்தவை வீட்டுக்குப் பின்னால் அடுக்கியிருந்தன. அவள் முணுமுணுத்துக்கொண்டே போய், ஊறப்போட்டு, மடியில் ஏந்தி எடுத்து வந்தாள்.

"நான் சொன்னதுக்கோசரம் ஒனக்குப் பெருமை வந்துடப் போவுது. எனக்கு இந்தச் சொவுரு இன்னும் புடிக்கல. தெரிஞ்சிக்கோ."

"தெரியும்."

"ஆயுசுக்கும் புடிக்காது."

"சரி. அந்தச் செங்கலக் குடு. அது இல்ல, அந்தப் பக்கத்தது. முனை உடையாதது."

பார்த்துத் தேடி, முனை உடையாததை எடுத்துக் கொடுத்தாள்.